சங்க்டு ரிக்வெஸ்ட்: பாதிக் கோப்புதான் போகுது, சர்வர் 201 சொல்லுது

#1 · ஓடைநீர்

பைத்தானில் நேரடி சாக்கெட் மேல ஒரு சின்ன எச்டிடிபி/1.1 கிளையன்ட் லைப்ரரி எழுதிட்டிருக்கேன். முக்கிய வேலை: பிஜிடம்ப் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை பேக்கப் எடுக்கிற கருவி) வெளியீட்டை ஜிஜிப்பால் சுருக்கி, டிஸ்கில் எழுதாம அப்படியே புட் ரிக்வெஸ்ட்டா அனுப்பணும். மொத்த நீளம் முன்னாடியே தெரியாது. அதனால பாடியின் (ரிக்வெஸ்ட்டின் உள்ளடக்கம்) நீளத்தைச் சொல்ற கன்டென்ட்-லெங்த் ஹெடர் இல்லாம டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்: சங்க்டு, அதாவது பாடியைத் துண்டு (சங்க்) துண்டா அனுப்புற முறை.

இப்போ கோட் செய்றது இதுதான். ஜெனரேட்டர் 16,384 பைட் துண்டா கொடுக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் நீளத்தைப் பதினாறடிமானத்தில் எழுதி ↵, அப்புறம் துண்டு, அப்புறம் ↵. (↵ = சிஆர், எல்எஃப் ரெண்டும் சேர்ந்த 2 பைட்.) லூப் முடிஞ்சதும் ஃபைனலி பிளாக்கில் 0↵↵. டேட்டாபேஸ் 30 செகண்டுக்கு மேல எதுவும் தரலைன்னா, நடுவில் இருக்கிற ப்ராக்ஸி வெட்டிடக்கூடாதுன்னு ஒரு காலித் துண்டு அனுப்புறேன். கனெக்ஷன் ரீசெட் ஆனா ஒரு தடவை மறுபடி முயற்சி.

சின்ன டேட்டாபேஸ்ல பெரும்பாலும் சரி. மத்தபடி மூணு விதமா உடையுது:

- சர்வர் 201 (சேமிச்சாச்சு) தருது, ஆனா சேமிச்ச கோப்பு பாதிதான்.
- 201 வந்த பிறகு, அதே கனெக்ஷனில் போகிற அடுத்த ரிக்வெஸ்ட்டுக்கு 400 (தப்பான ரிக்வெஸ்ட்) வருது. அந்த ரிக்வெஸ்ட்டில் எந்தத் தப்பும் இல்லை.
- எப்பவாவது 201 வந்து, கோப்பு 0 பைட்.

சர்வர் பக்கம் பிழையா, என் பக்கமா?

#2 · பைட்டெண்ணி

உங்கள் பக்கம்தான். உங்கள் கோடில் மூன்று வெவ்வேறு பிழைகள். முதலில் காலித் துண்டை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் முதல் இரண்டு அறிகுறிகளையும் அதுவே உண்டாக்கும்.

உங்கள் சூத்திரம்: நீளம் ↵ துண்டு ↵. துண்டு காலியாக இருந்தால் வயரில் போவது 0, ↵, ஒன்றுமில்லை, ↵. அதாவது 0↵↵. ஐந்தே பைட். பாடி முடிந்தது என்பதற்கான குறியும் அச்சு அசலாக இதே ஐந்து பைட்தான். 'நான் இன்னும் இருக்கிறேன்' என்று சொல்ல நினைத்து 'முடித்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கிறீர்கள். சர்வர் அதை நம்பி, அதுவரை வந்ததைச் சேமித்து 201 அனுப்பிவிட்டது. நெறிமுறைப்படி அது செய்தது சரி.

பிறகு டேட்டாபேஸ் விழித்துக்கொண்டு அடுத்த துண்டைத் தருகிறது. நீங்கள் 4000↵ என்று எழுதுகிறீர்கள் (16,384 பதினாறடிமானத்தில் 4000). சர்வரைப் பொறுத்தவரை பழைய ரிக்வெஸ்ட் முடிந்துவிட்டது. இப்போது வருவது புது ரிக்வெஸ்ட்டின் முதல் வரி. 4000 என்ற பெயரில் எந்த மெத்தடும் இல்லை, பாத்தும் இல்லை. எனவே 400. அந்த 400 சாக்கெட்டில் காத்துக் கிடக்கும். உங்கள் கிளையன்ட் முதலில் 201ஐப் படித்துவிட்டு, கனெக்ஷனைப் பூலில் (மறுபடி பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் கனெக்ஷன்களின் தொகுப்பு) திருப்பி வைக்கிறது. அடுத்து அதே கனெக்ஷனை எடுக்கிற அப்பாவி ரிக்வெஸ்ட் அந்தப் பழைய 400ஐத் தன்னுடையது என்று நினைத்துக்கொள்கிறது. பதில்கள் ஒரு படி நழுவிவிட்டன. இந்த நழுவல் 400ஆக வந்தது உங்கள் நல்ல நேரம். துண்டின் உள்ளடக்கம் ஒரு முழு ரிக்வெஸ்ட் போலத் தோற்றமளித்திருந்தால் சர்வர் அதை நிறைவேற்றியே இருக்கும்.

சங்க்டு வடிவத்தில் 'ஒன்றுமில்லை, காத்திரு' என்று சொல்ல வழியே கிடையாது. ஆகவே சங்க் எழுதும் ஃபங்ஷனின் முதல் வரி: நீளம் பூஜ்யமானால் எதுவும் எழுதாமல் திரும்பு. பைத்தானின் எச்டிடிபி.கிளையன்ட், யூஆர்எல்லிப்3, கோ மொழியின் உள் சங்க்டு ரைட்டர் மூன்றிலும் இந்தச் சோதனை இருக்கிறது. முடிவுக் குறி எழுதுவதைத் தனி ஃபங்ஷனாக வையுங்கள். அது ஒரே இடத்திலிருந்து மட்டும் அழைக்கப்படட்டும்.

ப்ராக்ஸி வெட்டுவதற்கு மருந்து வேறு. அந்த ப்ராக்ஸி என்ஜின்எக்ஸ் என்றால் கிளையன்ட் பாடி டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு 60 செகண்ட். அது மொத்த அப்லோடுக்கு அல்ல, அடுத்தடுத்த இரண்டு ரீடுக்கு இடைப்பட்ட நேரத்துக்கு. தாண்டினால் 408 (நேரம் கடந்தது). அந்த மதிப்பை அங்கே ஏற்றுங்கள். முடியாது என்றால் டெம்ப் கோப்பில் எழுதிவிட்டு அனுப்புங்கள்.

#3 · சாக்கெட்காரர்

ஃபைனலி பிளாக்கை உடனே எடுத்துடுங்க. அது இதைவிட மோசமான பிழை.

ஃபைனலி எப்போ ஓடும்? நல்லபடியா முடிஞ்சாலும் ஓடும், எக்ஸெப்ஷன் வந்தாலும் ஓடும். டேட்டாபேஸ் கனெக்ஷன் அறுந்து ஜெனரேட்டர் நடுவில் வெடிச்சாலும் நீங்க 0↵↵ அனுப்பிட்டுத்தான் வெளிய வர்றீங்க. சர்வருக்கு அது முழுமையான பாடி. பாதி பேக்கப், 201, யாருக்கும் தெரியாது.

எச்டிடிபி/1.1 நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 9112 இதைத் தெளிவா சொல்லுது: பூஜ்ய நீள சங்க் வராத வரை சங்க்டு பாடி முழுமையடையாதது. அதாவது நீங்க பாதியில் நின்னதைச் சர்வருக்குச் சொல்ல எச்டிடிபி/1.1 கொடுக்கிற ஒரே வழி, அந்தக் குறியை அனுப்பாம சாக்கெட்டை மூடுறது. ரிக்வெஸ்ட்டுக்கு 'கனெக்ஷன் மூடினா பாடி முடிஞ்சது'ங்கிற விதி கிடையாது, அது ரெஸ்பான்ஸுக்கு மட்டும். அதனால மூடினா போதும், சர்வர் சரியா புரிஞ்சுக்கும். மூடின கனெக்ஷன் பூலுக்குத் திரும்பக் கூடாது.

லூப் இயல்பா முடிஞ்சா அதுக்கடுத்த வரியில் முடிவுக் குறி. எக்ஸெப்ட் பிளாக்கில் சாக்கெட்டை மூடி, அதே எக்ஸெப்ஷனை மேல தூக்கி விடுங்க.

இன்னொண்ணு, இதைத்தான் நிறைய பேர் தவற விடறாங்க. பைப்பில் இஓஎஃப் (தரவு முடிஞ்சதுங்கிற குறி) வந்தா வேலை வெற்றின்னு அர்த்தம் இல்ல. பிஜிடம்ப் மெமரி பத்தாம கில் ஆனாலும் பைப் மூடும், உங்களுக்கு அதே இஓஎஃப்தான் வரும். அதனால வரிசை இப்படி இருக்கணும்: இஓஎஃப் பாருங்க, சைல்டு ப்ராசஸுக்கு வெயிட் பண்ணுங்க, எக்ஸிட் கோட் 0ஆன்னு பாருங்க, அப்புறம்தான் 0↵↵. ஷெல்லில் பிஜிடம்ப்பையும் ஜிஜிப்பையும் பைப் போட்டு ஓட்டினா வர்ற எக்ஸிட் கோட் கடைசியில் இருக்கிற ஜிஜிப்போடது. பாஷ் என்றால் பைப்ஃபெயில் ஆப்ஷன் போடணும். இல்லன்னா ரெண்டு ப்ராசஸையும் பைத்தானிலிருந்தே தனித்தனியா தொடங்கி ரெண்டு கோடையும் பாருங்க.

ஏற்கனவே சேமிச்ச பேக்கப்பை இன்னிக்கே சோதிச்சுடுங்க. ஜிஜிப்பின் டெஸ்ட் சுவிட்ச், ஸ்ட்ரீம் நடுவில் வெட்டுப்பட்டதைக் கண்டுபிடிக்கும். ஆனா பிஜிடம்ப் செத்து ஜிஜிப் ஒழுங்கா மூடின கோப்பு அந்தச் சோதனையில் தேறிடும். சாதா எஸ்கியூஎல் டம்ப்னா கடைசியில் 'டம்ப் முடிந்தது'ங்கிற பொருளில் ஒரு கமெண்ட் வரி இருக்கும். அது இருக்கான்னு பாருங்க.

#4 · ஓடைநீர்

ரெண்டு பேருக்கும் நன்றி. காலித் துண்டை எடுத்தாச்சு, ஃபைனலியை எடுத்தாச்சு, எக்ஸிட் கோட் பார்க்கிறேன். பழைய பேக்கப்பில் 2 கோப்பு ஜிஜிப் டெஸ்ட்டில் தேறி, கடைசி வரி இல்லாம இருந்தது. நீங்க சொல்லாட்டி அதைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

0 பைட் கோப்பு இன்னும் புரியலை. காலித் துண்டு முதல்லயே போயிருக்குமோ?

#5 · சாக்கெட்காரர்

அப்படியும் நடந்திருக்கலாம், ஆனா உங்க மறுமுயற்சி மேலதான் எனக்குச் சந்தேகம். ஜெனரேட்டர் ஒரு தடவைதான் ஓடும். பூலில் கிடந்த பழைய கனெக்ஷனைச் சர்வர் ஏற்கனவே மூடியிருக்கும். நீங்க எழுதும்போது ரீசெட். அதுக்குள்ள ஜெனரேட்டரிலிருந்து சில துண்டு எடுத்தாச்சு. புது கனெக்ஷனில் ஹெடரை மறுபடி அனுப்பி, அதே ஜெனரேட்டரை லூப் பண்றீங்க. பாக்கி இருக்கிறது மட்டும் போகும். சின்ன டம்ப்னா மொத்தமும் முதல் முயற்சியிலேயே கர்னல் பஃபருக்குள்ள போயிருக்கும், பாக்கி ஒண்ணுமே இல்ல. ஹெடர், உடனே 0↵↵. 201, 0 பைட்.

பாக்கி பாதி போறது 0 பைட்டைவிட ஆபத்து. தலை இல்லாத கோப்பு.

விதி: பாடியிலிருந்து ஒரு பைட் எடுத்துட்டா, அந்த பாடியை மறுபடி தொடக்கத்திலிருந்து தர வழி இருந்தால் மட்டும் மறுமுயற்சி. புட் ஐடெம்பொடென்ட்தான் (பல தடவை அனுப்பினாலும் விளைவு ஒண்ணுதான்), நெறிமுறை அனுமதிக்குது. ஆனா அனுமதி இருக்கிறதும் தரவு கையில் இருக்கிறதும் வேற வேற. உங்க ஏபிஐயில் ஜெனரேட்டரை நேரடியா வாங்காதீங்க. ஜெனரேட்டரை உண்டாக்கித் தர்ற ஃபங்ஷனை வாங்குங்க. ஃபங்ஷன் கொடுத்தா மறுமுயற்சி உண்டு, வெறும் ஜெனரேட்டர் கொடுத்தா முதல் தடங்கலிலேயே பிழை.

மத்த லைப்ரரிகளும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கு. கோ மொழியில் ரிக்வெஸ்ட்டுக்கு கெட்பாடின்னு ஒரு ஃபங்ஷன் ஃபீல்டு. அது இல்லன்னா 307, 308 ரீடைரக்டைப் பின்தொடராம அந்தப் பதிலையே கையில் கொடுத்துடும். லிப்கர்லில் சீக் கால்பேக் கொடுக்கலன்னா, திரும்ப அனுப்ப வேண்டி வரும்போது பிழை எண் 65. ஜாவாவின் பழைய எச்டிடிபி யூஆர்எல் கனெக்ஷனில் சங்க்டு ஸ்ட்ரீமிங் போட்டா, 401க்கோ (அடையாளம் கேட்கிற பதில்) ரீடைரக்டுக்கோ தானா திரும்பிப் போகாது, எச்டிடிபி ரீட்ரை எக்ஸெப்ஷன் எறியும். எல்லாம் சத்தம் போட்டுத் தோக்குது. உங்களோடதும் அப்படித்தான் தோக்கணும்.

மறுமுயற்சி வேண்டிய நிலையே வராம இருக்க, பூலிலிருந்து கனெக்ஷன் எடுக்கும்போது சாக்கெட்டில் படிக்க ஏதாவது இருக்கான்னு பாருங்க. வேலை இல்லாத கனெக்ஷனில் சர்வர் அனுப்பினதா ஏதாவது கிடந்தா அது இஓஎஃப், இல்ல #2ல சொன்ன மாதிரி வழிதவறின பதில். ரெண்டுன்னாலும் தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க. திரும்ப அனுப்ப முடியாத பாடின்னா பூலைத் தொடாம நேரா புது கனெக்ஷன் போறதுதான் நான் சொல்வது.

#6 · பச்சைநூல்

இழைக்குள்ள நுழையறதுக்கு மன்னிக்கணும். கிட்டத்தட்ட இதே விஷயம். நானும் கையால சங்க்டு எழுதுறேன், ஜேசான் அனுப்ப. ஆங்கில டெக்ஸ்ட் போனா சரி, தமிழ் போனா 400. இன்னொரு சர்வருக்கு அனுப்பினா 400கூட வராம அப்படியே தொங்குது. நீளத்தை ஸ்ட்ரிங்கின் லென் வைத்துத்தான் எடுக்கிறேன்.

#7 · பைட்டெண்ணி

லென் தருவது யூனிகோட் குறியீடுகளின் எண்ணிக்கை. வயரில் போவது பைட்.

'வணக்கம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் 5 எழுத்து. யூனிகோடில் புள்ளிகள் தனித்தனி என்பதால் 7 குறியீடு: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 பைட். பதினாறடிமானத்தில் 21 என்பது 15. எனவே வயரில் இருக்க வேண்டியது:

15↵
வணக்கம்↵
0↵
↵

மொத்தம் 32 பைட். சங்க்கின் நீளத்தில் ↵ சேராது என்பதையும் கவனியுங்கள்.

நீங்கள் அனுப்புவது 7↵. சர்வர் 7 பைட் எடுக்கிறது: வ முழுதாக 3, ண முழுதாக 3, க-வின் முதல் பைட் 1. எட்டாவது பைட்டில் சிஆர் இருக்க வேண்டும். அங்கே க-வின் நடுப் பைட் நிற்கிறது. 400. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் பிழை ஒளிந்துகொண்டது. ஸ்ட்ரிங்கை முதலில் பைட்டாக என்கோட் செய்து, அந்தப் பைட் வரிசையின் லென் எடுங்கள். லைப்ரரி எழுதுபவர் என்றால் பாடியில் ஸ்ட்ரிங் வந்தாலே டைப் பிழை எறிந்துவிடலாம். அது கடுமையாகத் தோன்றும், ஆனால் என்கோடிங்கை ஊகிப்பதைவிட நல்லது.

தொங்குவதற்கு என் ஊகம்: அந்த இடத்தில் நீளத்தைப் பத்தடிமானத்தில் எழுதுகிறீர்களா? 9 பைட் வரை இரண்டும் ஒன்றுதான், சின்னச் சோதனைகள் தேறிவிடும். 4,096 பைட் துண்டுக்கு 4096↵ என்று எழுதினால் சர்வர் அதைப் பதினாறடிமானமாகப் படித்து 16,534 பைட்டுக்குக் காத்திருக்கும். அவ்வளவு இல்லையென்றால் டைம்அவுட் வரை தொங்கும். பைத்தானின் ஹெக்ஸ் ஃபங்ஷனை அப்படியே பயன்படுத்தினால் முன்னால் 0எக்ஸ் ஒட்டிக்கொண்டு வரும். அதையும் நீக்க வேண்டும். தளர்வான பார்சர் அந்த 0ஐ மட்டும் படித்து, பாடி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

#8 · பச்சைநூல்

ஆமா, பத்தடிமானம்தான். ரெண்டையும் திருத்தினேன், ரெண்டு சர்வரும் சரி. நன்றிங்க.

#9 · முனைவாயில்

ப்ராக்ஸி பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

கன்டென்ட்-லெங்த், டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் இரண்டும் ஒரே ரிக்வெஸ்ட்டில் போகவே கூடாது. ஆர்எஃப்சி 9112 அனுப்புநரைத் திட்டவட்டமாகத் தடுக்கிறது. முன்னால் உள்ள ப்ராக்ஸி ஒன்றை நம்பி, பின்னால் உள்ள சர்வர் இன்னொன்றை நம்பினால், பாடி எங்கே முடிகிறது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபடும். ஒரு ரிக்வெஸ்ட்டுக்குள் இன்னொன்றை ஒளித்து அனுப்பும் ரிக்வெஸ்ட் ஸ்மக்ளிங் தாக்குதல் முழுக்க இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. எனவே பயனர் ஹெடர் டிக்ஷனரியில் இந்த இரண்டில் எதைக் கொடுத்தாலும் லைப்ரரி அப்படியே வயரில் எழுதக்கூடாது. பாடியின் எல்லையைத் தீர்மானிக்கும் ஹெடர்கள் லைப்ரரிக்குச் சொந்தம். பிரவுசரின் ஃபெட்ச் இவற்றைப் பயனர் கையால் வைக்கவே அனுமதிப்பதில்லை. அந்தக் கண்டிப்பு சரியானது என்பது என் கருத்து.

பைத்தானிலேயே இதில் இரண்டு பொறிகள் உண்டு. எச்டிடிபி.கிளையன்ட்டில் 3.6 முதல், இரண்டு ஹெடரும் இல்லாமல் ஜெனரேட்டர் கொடுத்தால் அதுவே சங்க்டு ஆக்கும். ஆனால் டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் ஹெடரை நீங்களே வைத்துவிட்டால், என்கோடிங் உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளும். என்கோட் சங்க்டு ஆர்க்யுமென்ட்டை ட்ரூ ஆக்கினால் தவிர, பாடி பச்சையாகப் போகும். 'தெளிவாக இருக்கட்டும்' என்று ஹெடரைச் சேர்க்கிறவர்கள் இதில்தான் விழுகிறார்கள். ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியிலோ, காலிக் கோப்பைத் திறந்து பாடியாகக் கொடுத்தால் நீளம் 0 என்பதை 'தெரியாது' போல நடத்தி சங்க்டு ஹெடர் வைக்கும். அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3 சங்க்டு டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்கை ஏற்பதில்லை, 501 (இந்த வசதி இல்லை) தரும். ஆயிரம் கோப்பு ஏறி, 0 பைட் கோப்பு மட்டும் 501 வாங்கினால் காரணம் இதுதான். நீளம் 0 என்று தெரிவதும் நீளமே தெரியாததும் உங்கள் லைப்ரரியில் இரண்டு வெவ்வேறு மதிப்புகளாக இருக்கட்டும்.

நீளம் தெரிந்தால் சங்க்டு வேண்டாம். நீளம் சொல்லாவிட்டால் 411 தந்து மறுக்கும் சர்வர்கள் உண்டு. சங்க்டு பாடியில் அளவு வரம்பும் தாமதமாகத்தான் தெரியும்: என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 மெகாபைட், கன்டென்ட்-லெங்த் இருந்தால் ஹெடரிலேயே 413 (பாடி மிகப் பெரிது) சொல்லிவிடும், சங்க்டு என்றால் 1 மெகாபைட் வந்து சேர்ந்த பிறகுதான் சொல்லும்.

இன்னொன்று: என்ஜின்எக்ஸ் இயல்பாக பாடி முழுவதையும் வாங்கி வைத்துக்கொண்டு, கன்டென்ட்-லெங்த் போட்டுத்தான் பின்னால் அனுப்பும். ப்ராக்ஸி ரிக்வெஸ்ட் பஃபரிங்கை அணைத்தாலும், பின்பக்க இணைப்பு எச்டிடிபி 1.0ஆக இருந்தால் சங்க்டு பாடியை அது பஃபர் செய்தே தீரும். 'ஸ்ட்ரீம் பண்றேன், ஆனால் சர்வருக்கு எல்லாம் கடைசியில் ஒரே மூச்சில் போகிறது' என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

எச்டிடிபி/2இல் சங்க்டு கிடையாது. அந்த ஹெடர் போனாலே ரிக்வெஸ்ட் உருக்குலைந்தது என்று கணக்கு. அங்கே டேட்டா ஃப்ரேம், கடைசியில் எண்ட் ஸ்ட்ரீம் கொடி. பாதியில் கைவிட ஆர்எஸ்டி ஸ்ட்ரீம். எச்டிடிபி/1.1இல் இல்லாத கைவிடும் குறி அங்கே இருக்கிறது. குரோம் 105இல் வந்த ஸ்ட்ரீமிங் ஃபெட்ச் எச்டிடிபி/1.1 கனெக்ஷனில் வேலை செய்யாமல் பிழை தருவதையும் நினைவில் வையுங்கள்.

#10 · ஓடைநீர்

413 பத்திச் சொன்னதால கேக்கிறேன். சர்வர் நடுவிலேயே 413 அனுப்பினா எனக்கு அது தெரியறதே இல்ல. ப்ரோக்கன் பைப் எக்ஸெப்ஷன்தான் வருது. பயனர் நெட்வொர்க் பிரச்சினைன்னு நினைச்சுப்பார்.

#11 · சாக்கெட்காரர்

முழுசா எழுதி முடிச்ச பிறகுதான் படிக்கத் தொடங்கறீங்க, அதான். சர்வர் 413 அனுப்பி மூடிடுது. நீங்க இன்னும் எழுதறீங்க. படிக்காத தரவு பஃபரில் இருக்க மூடினா அங்கிருந்து ஆர்எஸ்டி (கனெக்ஷனை உடனே அறுக்கிற டிசிபி குறி) வரும். அந்த ஆர்எஸ்டி, உங்க பக்கம் வந்து சேர்ந்த ஆனா நீங்க இன்னும் படிக்காத 413ஐ அழிச்சுடவும் கூடும். என்ஜின்எக்ஸ் இதுக்காகவே லிங்கரிங் குளோஸ் வெச்சிருக்கு: பதிலை அனுப்பிட்டு, கொஞ்ச நேரம் வர்றதைப் படிச்சுத் தூர எறியும். எல்லா சர்வரும் அப்படிச் செய்யும்னு நம்ப முடியாது.

குறைந்தபட்ச மருந்து: எழுதும்போது ப்ரோக்கன் பைப் வந்தா உடனே எக்ஸெப்ஷன் எறியாதீங்க, முதல்ல பதிலைப் படிக்க முயற்சி பண்ணுங்க. முழு ஹெடர் கிடைச்சா அதுதான் பதில், கிடைக்கலன்னா அந்த எழுதும் பிழையை எறியுங்க. யூஆர்எல்லிப்3 இதைத்தான் செய்யுது.

சரியான மருந்து: ஒவ்வொரு சங்க்குக்கு முன்னாடி சாக்கெட்டில் படிக்க ஏதாவது இருக்கான்னு காத்திருக்காம பாக்கிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கு. டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸின் குறியாக்க அடுக்கு) 1.3ல ஹேண்ட்ஷேக் முடிஞ்சதும் சர்வர் செஷன் டிக்கெட் அனுப்பும். அதனால சாக்கெட் 'படிக்கலாம்'னு சொல்லும், ஆனா எச்டிடிபி பதில் ஒண்ணும் இருக்காது. அதை நம்பி பிளாக்கிங் ரீடுக்குப் போனா, நீங்க பதிலுக்காகச் சர்வரையும் சர்வர் பாடிக்காக உங்களையும் பார்த்துட்டு நிக்க வேண்டியதுதான். நான்-பிளாக்கிங்கா டிஎல்எஸ் அடுக்கிலிருந்து படியுங்க. 'இன்னும் வேணும்'னு அது சொன்னா பதில் இல்லன்னு எடுத்துட்டு எழுதப் போங்க. 1எக்ஸ்எக்ஸ் பதில் வந்தா அது கடைசிப் பதில் இல்ல, தொடர்ந்து எழுதணும்.

கடைசிப் பதில் பிழையா வந்துட்டா அங்கேயே எழுதறதை நிறுத்தி, பதிலைக் கொடுத்துட்டு, கனெக்ஷனை மூடுங்க. 0↵↵ போட்டு கனெக்ஷனைக் காப்பாத்தலாமேன்னு தோணும். 1999ல வந்த ஆர்எஃப்சி 2616 அதை அனுமதிச்சது. 2014ல ஆர்எஃப்சி 7230 வந்தப்போ அந்த வழி எடுக்கப்பட்டாச்சு. பழைய கோடில் இன்னும் அது இருக்கும், பார்த்தா நீக்குங்க.

பெரிய பாடின்னா 'பாடியை அனுப்பலாமா'ன்னு முன்னாடியே கேட்கிற எக்ஸ்பெக்ட்: 100-கன்டினியூ ஹெடரை அனுப்புங்க, ஆனா முடிவில்லாம காத்திருக்காதீங்க. கர்ல் இயல்பா 1 செகண்ட் காத்திருந்துட்டு பாடியை அனுப்பத் தொடங்கும். 417 (அந்த எதிர்பார்ப்பை ஏற்க முடியாது) வந்தா அந்த ஹெடர் இல்லாம மறுபடி. நீங்க இன்னும் பாடியைத் தொடவே இல்லங்கிறதால இந்த மறுமுயற்சி ஜெனரேட்டருக்கும் பாதுகாப்பு.

#12 · முனைவாயில்

துண்டு அளவு 16,384 என்று வைத்திருக்கிறீர்களே, அதை 65,536 ஆக்குங்கள். சிஸ்டம் கால் எண்ணிக்கை கால்வாசியாகும்.

#13 · பைட்டெண்ணி

டிஎல்எஸ் இல்லாவிட்டால் ஒப்புக்கொள்கிறேன். டிஎல்எஸ் இருந்தால் ஒரு ரெக்கார்டில் (சேர்த்துக் குறியாக்கும் ஒரு பொட்டலம்) அதிகபட்சம் 16,384 பைட். 16,384 பைட் துண்டுக்கு 4000↵ என்ற 6 பைட்டும் கடைசி ↵ 2 பைட்டும் சேர்ந்து 16,392. ஒவ்வொரு சங்க்கும் ஒரு முழு ரெக்கார்டு, மிச்சம் 8 பைட்டுக்கு இன்னொரு ரெக்கார்டு என்று பிளக்கிறது. துண்டை 16,376 ஆக்கினால் (பதினாறடிமானத்தில் 3எஃப்எஃப்8, நான்கு இலக்கம்தான்) சங்க் மொத்தமும் சரியாக ஒரு ரெக்கார்டில் உட்காரும். ஆனால் அளவைவிட முக்கியம் இது: நீளம், துண்டு, ↵ மூன்றையும் மூன்று தனி சென்ட் காலாக எழுதாமல் ஒரே பஃபராகவோ ரைட்வி (பல பஃபரை ஒரே அழைப்பில் எழுதும் சிஸ்டம் கால்) மூலமோ எழுதுங்கள். டிசிபி நோடிலே போடாத சாக்கெட்டில் கடைசி 5 பைட் தனியாகப் போனால், முந்தைய தரவுக்கு ஏசிகே (கிடைத்தது என்ற ஒப்புகை) வரும்வரை நேகிள் (சின்னப் பாக்கெட்டைத் தாமதிக்கும் டிசிபி விதி) அதைப் பிடித்துவைக்கும். எதிர்முனை ஏசிகேயைத் தாமதித்தால் லினக்ஸில் 40 மில்லிசெகண்ட் அளவுக்கு வீண். சின்ன ரிக்வெஸ்ட் நிறைய அனுப்புகிறவர்களுக்கு இது நன்றாகவே உறைக்கும்.

#14 · முனைவாயில்

16,376 நல்ல எண். என் பரிந்துரையை டிஎல்எஸ் இல்லாத இணைப்புக்கு மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன்.

#15 · ஓடைநீர்

செக்சம்மை டிரெய்லரில் அனுப்பலாமா? கடைசியில்தான் எனக்கு ஹேஷ் தெரியும், டிரெய்லர் அதுக்குத்தானே இருக்கு. எஸ்3யும் டிரெய்லர் செக்சம் ஏத்துக்குதுன்னு படிச்சேன்.

#16 · முனைவாயில்

டிரெய்லர் என்பது 0↵க்கும் கடைசி ↵க்கும் நடுவில் வரும் ஹெடர் வரிகள். முன்கூட்டியே டிரெய்லர் என்ற ஹெடரில் பெயரைச் சொல்லிவிட்டு அனுப்பலாம். ஆனால் நடுவில் உள்ள எவரும் அதை எறிந்துவிட உரிமை உண்டு, பலரும் எறிகிறார்கள். எதிர்முனை சர்வரும் இடைப்பட்ட ப்ராக்ஸியும் உங்கள் கையில் இருந்தால் மட்டும் நம்புங்கள். இல்லையென்றால், சர்வர் தான் பெற்றதன் ஹேஷையோ நீளத்தையோ பதிலில் தரட்டும். நீங்கள் அனுப்பும்போது கணக்கிட்டதோடு ஒப்பிடுங்கள்.

எஸ்3 சொல்வது வேறு. அது ஏடபிள்யூஎஸ்-சங்க்டு, கன்டென்ட்-என்கோடிங் ஹெடரில் வரும் தனி வடிவம். அதற்கு மூலத் தரவின் நீளத்தை முன்பே ஒரு ஹெடரில் சொல்ல வேண்டும். உங்களுக்கு அது தெரியாது. நீளம் தெரியாத ஸ்ட்ரீமை எஸ்3க்கு அனுப்ப மல்டிபார்ட் அப்லோடு: ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 5 மெகாபைட் (கடைசி தவிர), அதிகபட்சம் 10,000 பகுதி. ஒரு பகுதியை மெமரியில் நிரப்பி கன்டென்ட்-லெங்த்தோடு அனுப்புங்கள். 5 மெகாபைட்டாகவே வைத்தால் 50 ஜிபியை ஒட்டி 10,000 தீர்ந்துவிடும். பெரிய டம்ப் என்றால் 64 மெகாபைட் வையுங்கள். பகுதி அளவில் மறுமுயற்சி கிடைப்பது கூடுதல் லாபம். முடிந்தது என்று தனியாகச் சொல்லும் வரை ஆப்ஜெக்ட் உருவாகாது. பிஜிடம்ப் எக்ஸிட் கோட் 0 என்று பார்த்த பிறகு அதைச் சொல்லுங்கள். கைவிட்டால் அபார்ட் அழைக்க மறக்காதீர்கள், ஏறிய பகுதிகளுக்கு வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

#17 · பைட்டெண்ணி

சோதனைக்கு: நிஜ சர்வரை வைத்துச் சோதிக்காதீர்கள், அவை பிழைகளை மன்னித்துவிடும். சாக்கெட்டில் கேட்டு, வந்த பைட்டை அப்படியே பதிவு செய்து, முன்கூட்டி எழுதிய பதிலைத் திருப்பி அனுப்பும் 30 வரி போலி சர்வர் போதும். பைட் வரிசையை அப்படியே ஒப்பிடுங்கள். எது சரியான வடிவம் என்று சந்தேகம் வந்தால், கர்லின் அப்லோடு சுவிட்சுக்குக் கோப்புப் பெயருக்குப் பதில் ஒரு ஹைஃபன் கொடுத்து, பைப் வழியாகத் தரவை ஊட்டுங்கள். நீளம் தெரியாததால் அது சங்க்டாக அனுப்பும். அதை நெட்கேட்டில் பிடித்துப் பாருங்கள்.

நான் எழுதும் சோதனைகள்: எதுவும் தராத ஜெனரேட்டர் (0↵↵ ஒரே ஒரு முறை), முதலில், நடுவில், கடைசியில் காலித் துண்டு, 'வணக்கம்' (வயரில் 32 பைட்), 9, 10, 15, 16, 17 பைட் துண்டுகள், மூன்றாவது துண்டில் எக்ஸெப்ஷன் எறியும் ஜெனரேட்டர், இரண்டாவது துண்டுக்குப் பிறகு 413 அனுப்பி மூடும் சர்வர், முதல் பைட்டிலேயே ரீசெட் செய்யும் சர்வர், 307. எக்ஸெப்ஷன் சோதனையில் பதிவான பைட்டின் கடைசி ஐந்தைப் பாருங்கள். அங்கே 0↵↵ இருந்தால் அந்த வெளியீட்டை நிறுத்துங்கள்.

#18 · ஓடைநீர்

எல்லாம் எழுதி ஓட்டினேன். எக்ஸெப்ஷன் சோதனை தோத்துது! ஃபைனலியை எடுத்தாச்சே எப்படின்னு தேடினா, பாடி ரைட்டரை வித் பிளாக்கில் வெச்சிருந்தேன். அதோட வெளியேறும் மெத்தட் குளோஸை அழைக்குது, குளோஸ் 0↵↵ எழுதுது. அதே பிழை வேற கதவு வழியா வந்திருக்கு. இப்போ வெளியேறும் மெத்தட் எக்ஸெப்ஷன் ஏதாவது வந்திருக்கான்னு பார்த்து, வந்திருந்தா சாக்கெட்டை மூடுது. முடிவுக் குறியை எழுதற ஃபங்ஷனுக்கு ஃபினிஷ்னு பேர் மாத்திட்டேன், குளோஸ் இனி எதையும் எழுதாது. 307 சோதனை மட்டும் பாக்கி.

#19 · சாக்கெட்காரர்

307ல ஒண்ணு பாருங்க: ரீடைரக்ட் வேற ஹோஸ்ட்டுக்குப் போனா ஆதரைசேஷன் ஹெடரை எடுத்துட்டு அனுப்பணும். 303ன்னா மெத்தட் கெட் ஆகும், பாடி போகாது. அப்போ டிரான்ஸ்ஃபர்-என்கோடிங் ஹெடரையும் சேர்த்து நீக்கணும். அது ஒட்டிக்கிட்டு நின்னா சர்வர் வராத பாடிக்காகக் காத்திருக்கும்.